சத்தம் வெளியே வராத அறை

நான் யாருடைய வீட்டுக்கும் வெறுங்கையோடு போனதில்லை. அம்மா பழக்கிவிட்டது. பெரிதாக எதுவும் வேண்டாம்; நாலு பழம், ஒரு பிஸ்கட் பொட்டலம், குழந்தை இருக்கிற வீடென்றால் ஒரு பென்சில் டப்பா. கொடுக்கிற பொருளில் ஒன்றுமில்லை, ஐயா. கதவைத் திறக்கிறவர் முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்துக்காகத்தான் இத்தனை வருடம் வேலை பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

இங்கே வரும்போதும் வாசலில் நிற்கிற காவலருக்கு ஆரஞ்சு வாங்கி வந்தேன். வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி. நானும் விதிகளை மதிக்கிறவன்தான். பழங்களை அந்த மேசைமேல் வைத்திருக்கிறேன். நாம் பேசி முடித்ததும் யாராவது சாப்பிட்டால் நல்லது. வீணாகக் கூடாது.

நீங்கள் அந்தத் தீயைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். முதலில் என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

விலை உயர்ந்த ஸ்பீக்கர்கள் செய்கிற ஒரு கம்பெனியில் டீலர் உறவு அதிகாரி நான். எங்கள் சாமானை விற்கிற கடைக்காரர்களை மனம் கோணாமல் வைத்துக்கொள்வது என் பொறுப்பு. விலை ஏறினாலும் கமிஷன் குறைந்தாலும் அதை நேரில் போய்ச் சொல்கிறவன் நான்தான். டீலர்கள் எனக்குப் பஞ்சு என்று பெயர் வைத்திருந்தார்கள். கெட்ட சேதியைக்கூடப் பஞ்சில் சுற்றித் தருவேனாம். மீசை வைத்த டீலர் ஒருவர் உண்டு. நான் படியேறும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"வாங்க பஞ்சு. பஞ்சு வந்திருக்குன்னா எங்கியோ வெட்டு விழுந்திருக்குன்னு அர்த்தம். எந்த இடத்துலன்னு மட்டும் சொல்லிடுங்க, பிடிச்சுக்கறேன்."

அவர் சிரிப்பார், நானும் சிரிப்பேன். வலி பாதியாகிவிடும். ஒருவரை வலிக்காமல் வைத்திருப்பதுதான் தர்மம் என்று நான் நம்புகிறேன். இப்போதும் நம்புகிறேன்.

இறந்துபோனவர், எங்கள் டீலர்களில் மூத்தவர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் மனைவி எனக்கு அண்ணி. ரத்த உறவு இல்லை. ஆனால் என் மனைவிக்குப் பிரசவம் ஆனபோது ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுவந்தது அண்ணிதான். அண்ணன் எங்கள் கம்பெனியைச் சாமி மாதிரி வைத்திருந்தார். வேறு கம்பெனிச் சாமானைக் கடைக்குள் ஏற்றவே மாட்டார்.

எங்கள் கம்பெனியில் ஒரே ஒரு விதி பெரிய விதி: விலையைக் குறைக்கவே கூடாது. யாருக்கும், எப்போதும். குறைத்தால் டீலர் உரிமை போய்விடும். அண்ணன் அதை எப்படிப் பிடித்துக்கொண்டார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அவருக்கு ஒரே தங்கை. அந்தம்மா புதுவீட்டுக்குக் குடிபோகும்போது ஒரு ஜோடி ஸ்பீக்கர் கேட்டு வந்தார். நானும் அப்போது கடையில் இருந்தேன்.

"எனக்குக்கூடவா முழு விலை, அண்ணா?"

"விலையைக் குறைச்சா கம்பெனி பேரு கெட்டுடும்மா. வேணும்னா நானே வந்து வயர் இழுத்துத் தர்றேன். அதுக்குக் கூலி வேண்டாம்."

"வயரை நீங்களே வச்சுக்கோங்க. பொறந்த வீட்டுச் சீர்னு சொல்லிக்கறேன்."

அதோடு அந்தம்மா படி இறங்கியவர்தான். பேச்சுவார்த்தை நின்றுபோனது. அண்ணன் கல்லாவில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய், "நீங்க செஞ்சதுதான் சரி அண்ணே. கடவுள் பார்த்துட்டு இருக்கார்" என்றேன். அவர் நிமிர்ந்தார். நான் சொன்ன அந்த வெளிச்சம் வந்தது.

போன வருடம் மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இனிமேல் நம் சாமான் தள்ளுபடிக் கடைகளிலும் போகும் என்றார். உங்களுக்குத் தெரியும், ஊரெல்லாம் மஞ்சள் பலகை போட்டுத் திறந்திருக்கிறார்களே, அந்தக் கடை. வாளி, செருப்பு, அரிசி மூட்டை, இப்போது எங்கள் ஸ்பீக்கர். மட்டமான தனிச் சரக்கா என்று கேட்டேன். இல்லை, அதே சரக்கு, அதே பெட்டி என்றார்.

"டீலர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றார். "நீங்க சொன்னா வலிக்காது."

சொல்லத்தான் போனேன். வழியில் அண்ணி ஏற்றுகிற விளக்குக்கு ஒரு பாட்டில் எண்ணெய் வாங்கிக்கொண்டேன். கடைக்குள் போனால் அண்ணன் பின்கட்டில் சாக்பீஸை வைத்துக்கொண்டு தரையில் முட்டி போட்டுக் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். புது டெமோ அறை கட்டப் போகிறாராம். எங்கள் ஸ்பீக்கரை வாடிக்கையாளர் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டுப் பார்க்கிற அறை. தெருச் சத்தம் உள்ளே வரக் கூடாது, உள்ளே போடுகிற பாட்டு வெளியே போகக் கூடாது. வீட்டை அடமானம் வைத்தாவது கட்டிவிடுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்திருந்தார்கள்.

"என்ன தம்பி சொல்றீங்க?" என்று அண்ணிதான் கேட்டார். "இவருக்கென்ன, கோட்டைக் கிழிச்சுட்டார். எனக்குத்தான் பயமா இருக்கு. கம்பெனி நம்மளைக் கைவிடாதுல்ல?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் முழங்காலில் சுண்ணாம்புத் தூள். அந்த நேரத்தில் யாருக்கு, ஐயா, மனம் வரும்?

"தாராளமா கட்டுங்க அண்ணி" என்றேன்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாளே கொத்தனார் வந்துவிட்டார். வந்த ஆளைத் திருப்பி அனுப்புவது நல்லதில்லை.

அறை கட்டி முடிக்கும்வரை நான் அடிக்கடி போனேன். என்னால் ஆன உதவியைச் செய்தேன். சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை பதிக்கச் சொன்னது நான்தான். கதவைக் கனமாகப் போட்டு, விளிம்பில் ரப்பர் வைத்து அடைக்கச் சொன்னதும் நான்தான். மீசை டீலர் பார்த்துவிட்டு, "உனக்குக் கோயில் கட்டியிருக்காங்க பஞ்சு, நாலு பக்கமும் நீதான்" என்றார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே முழுச் சத்தத்தில் பாட்டுப் போட்டார்கள். வெளியே நடைவழியில் நின்றேன். ஒரு துளி கேட்கவில்லை. இந்த அறையில் குறை சொல்ல எதுவும் இல்லை என்று கம்பெனி சார்பில் நான்தான் சொன்னேன். இன்றைக்கும் அதில் மாற்றம் இல்லை.

அந்த அறைக்கு ஒரே வழி, நான் சொன்ன நடைவழிதான். அதன் ஒரு பக்கம் காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கியிருப்பார்கள். மறுபக்கம் சுவரில் ஒரு மாடம். அதில் அண்ணியின் விளக்கு. காலையில் ஏற்றினால் மதியம் தாண்டியும் எரியும். அந்த விளக்கும் நான் வாங்கிக் கொடுத்ததுதான். அறை திறந்த அன்று, பழைய விளக்குக்குப் பதிலாகக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகவே இருந்தது. எனக்குத்தான் மனதில் சிறு கனம். தினமும் பிரார்த்தனையில் அண்ணன் பெயரைச் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு நாள் நான் கடையில் இருந்தபோது அவருடைய கைபேசி அடித்தது. அப்போது அந்தக் கைபேசி ஓடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரோடு இணைந்திருந்தது. ஆகவே எடுத்தவுடன் தங்கையின் குரல் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டிலும் வந்தது. மிகத் தெளிவாக வந்தது. அதில் எங்கள் சாமானைக் குறை சொல்ல முடியாது.

"அண்ணா, நல்லாயிருக்கீங்களா? வாளி வாங்கலாம்னு மஞ்சக் கடைக்குப் போனேன். ரெண்டு வாளி, ஒரு துடைப்பம், அப்புறம் உங்க சாமி ஒரு ஜோடி வாங்கிட்டு வந்தேன். பாதி விலை. துடைப்பத்துக்குப் பக்கத்துலதான் அடுக்கி வச்சிருந்தான். வயர் இழுக்க நீங்க சிரமப்பட வேண்டாம், அவனே ஆள் அனுப்புறானாம்."

கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஒருவர் விலைச்சீட்டைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாக அதை விட்டுவிட்டார். அண்ணன் என் பக்கம் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன பஞ்சு இது?"

நான் யோசிக்கவில்லை, ஐயா. அவர் முகத்தைப் பார்த்ததும் அதுவாகவே வாயில் வந்துவிட்டது.

"போலி அண்ணே. நம்ம பேரைப் போட்டு எவனோ விக்கறான். கம்பெனி நடவடிக்கை எடுத்துக்கிட்டு இருக்கு."

உடனே அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கைபேசியை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "ஏமாந்துட்டியேம்மா! போலியை வாங்கிட்டு வந்து என்கிட்டயே பேசறியா?" என்றார். எத்தனையோ நாளுக்கப்புறம் தங்கையோடு பேசுகிறார். கோபமாகப் பேசினாலும் பேச்சு பேச்சுதானே. அந்த இரண்டு பேரையும் மறுபடி பேச வைத்தது என் ஒரு சொல். அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

ஆனால் அண்ணன் அதோடு விடவில்லை. மறுவாரமே ஒரு திட்டத்தோடு வந்தார். டெமோ அறையில் ஒரு திரை கட்டுவது. திரைக்குப் பின்னால் ஒரு பக்கம் அவர் கடை ஸ்பீக்கர், மறுபக்கம் தங்கை வாங்கிய ஸ்பீக்கர். மாற்றி மாற்றி ஒரே பாட்டைப் போடுவது. அசல் எது, போலி எது என்று கேட்கிறவர்கள் சொல்ல வேண்டும். ஊரில் இருக்கிற எல்லா டீலர்களையும் ஞாயிற்றுக்கிழமைக்கு அழைத்துவிட்டார். தங்கையையும் அழைத்தார்.

"காதுல கேட்டாத்தான் அவளுக்குப் புரியும்" என்றார். "புரிஞ்சப்புறம் நானே ஒரு ஜோடி அசலை எடுத்து அவ கையில குடுத்துடப் போறேன். குறைச்சுக் குடுத்தாத்தானே விதிக்கு விரோதம்? சும்மா குடுக்கறதுக்குக் கம்பெனி விதி ஏதும் இருக்கா, பஞ்சு?"

"இல்லண்ணே" என்றேன்.

"அதை அன்னைக்கே ஏன் எனக்குத் தோணல, பாருங்க."

மீசை டீலருக்கும் அழைப்பு. "எனக்குப் பாதிக் காது போயாச்சு. பாதிக் காதுக்குப் பாதி விலைச் சாமான் போதும்னு சொல்லிடுவேன், பரவாயில்லையா?" என்றாராம். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாமான். திரைக்குப் பின்னாலிருந்து ஒரே சத்தம்தான் வரும். எல்லா டீலர்களும், தங்கையும் உட்கார்ந்திருக்க, நடுவில் நிற்கிற அண்ணனுக்கு அப்போதுதான் தெரியும், தான் வீட்டை அடகு வைத்துக் கட்டிய அறையில் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று. ஒரு நல்ல மனிதரை அப்படி நாலு பேர் முன்னால் நிற்க வைப்பது பாவம். என்னைப் பற்றி அவர் என்ன நினைப்பார் என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. அதைப் பற்றி நான் யோசித்தேன், ஆனால் முக்கியமாகப் படவில்லை.

கடவுளிடம் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. டீலர்களோடும் எனக்கு அப்படித்தான் பழக்கம். மறுத்துப் பேசாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்.

அறை இல்லாவிட்டால் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாவிட்டால் அவமானம் இல்லை. அறைக்கும் சரக்குக்கும் சேர்த்துக் காப்பீடு இருந்தது. அதுவும் நான் சொல்லித்தான் எடுத்திருந்தார். வருகிற பணத்தில் அடமானத்தை மீட்டுவிட்டு, கடையை மூடிவிட்டு, அண்ணியோடு நிம்மதியாக இருக்கலாம். கம்பெனி தன்னைக் கைவிட்டது என்பதே அவருக்குக் கடைசிவரை தெரிய வேண்டாம். யோசிக்க யோசிக்க இதில் யாருக்கும் நஷ்டம் இருப்பதாகத் தெரியவில்லை. காப்பீட்டுக் கம்பெனிக்கு இருக்கலாம். அவர்கள் பெரியவர்கள், தாங்கிக்கொள்வார்கள்.

சனிக்கிழமை மதியம் போனேன். சாப்பாட்டு வேளையில் அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பின் தெருவில் இருக்கிற வீட்டுக்குச் சாப்பிடப் போவார். கடையில் வேலை பார்க்கிற இரண்டு பேரும் வெளியே போவார்கள். வேறு யாராவது குனிந்து உள்ளே போனால் எதிர்க்கடைக்காரர் சத்தம் போடுவார். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன்.

அன்றும் வெறுங்கையோடு போகவில்லை. விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோயிருந்தேன்.

நடைவழியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்று, இந்தக் குடும்பத்துக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். மனப்பூர்வமாகத்தான் வேண்டினேன். பிறகு எண்ணெயைப் பெட்டிகள் பக்கம் கொஞ்சம் சாய்த்துவிட்டேன். விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினேன். அவ்வளவுதான் நான் செய்தது. மற்றதெல்லாம் தானாக நடந்தது.

பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். சேதி வந்ததும் முதலில் ஓடியவர்களில் நானும் ஒருவன். ஷட்டருக்கு வெளியே அண்ணி நின்றுகொண்டிருந்தார். தனியாக நின்றுகொண்டிருந்தார். நான் போய்த் தோளைப் பிடித்து, "அண்ணன் எங்கே அண்ணி?" என்று கேட்டேன். அவர் கடையைக் கையால் காட்டினார்.

தீ அவரைத் தொடவில்லை, புகைதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். அது ஒரு ஆறுதல்.

அடக்கம் முடிகிறவரை எல்லா வேலையும் நான்தான் பார்த்தேன். நாற்காலி வாடகைக்குச் சொன்னேன். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். மீசை டீலர் வாசலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு எழுந்து வந்து, "நீ இல்லாட்டி இந்தப் பொம்பளை என்ன ஆயிருப்பா, பஞ்சு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

எல்லோரும் போன பிறகு அண்ணி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன்.

"தம்பி, உங்களுக்கு ஒண்ணு தெரியாது. வெள்ளிக்கிழமையே நாத்தனார் அந்தச் சாமானைக் குடுத்து அனுப்பிட்டா. இவரு சும்மா இருப்பாரா, அன்னைக்கே போட்டுக் கேட்டுட்டார். வந்து என் பக்கத்துல உக்காந்தார். 'ரெண்டும் ஒண்ணுதான்டி. ஒரு வயித்துப் பிள்ளைங்க மாதிரி இருக்கு. போலியும் இல்ல, ஒண்ணும் இல்ல'ன்னார். பஞ்சு நம்மளை ஏமாத்திட்டானான்னு கேட்டேன். என்னை அடிக்காத குறை. 'அவன் அப்படிப்பட்டவன் இல்ல. கம்பெனி அவன்கிட்டயே மறைச்சிருக்கு. நாளன்னைக்கு எல்லார் முன்னாடியும் அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கணுமா? கூட்டமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். என் தங்கச்சிகிட்ட நான் தோத்ததா இருந்துட்டுப் போறேன்'னார்."

நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், குடித்துவிட்டு அண்ணி மேலே சொன்னார்.

"உங்ககிட்ட போன்ல சொன்னா தாங்க மாட்டீங்கன்னு, சனிக்கிழமை சாயங்காலம் நேரா உங்க வீட்டுக்கே வர்றதா இருந்தார். திரையைக் கழட்டி வச்சுட்டு வந்துடறேன்னுதான் சாப்பிடாமக்கூடப் போனார். அந்தப் பாட்டை இன்னொரு தடவை கேட்டுட்டு வர்றேன்னார். உங்களுக்குக் குடுக்கப் பழம் வாங்கி வச்சிருந்தார், தம்பி. வெறுங்கையோட போகக் கூடாதாம். உங்ககிட்டதான் கத்துக்கிட்டாராம்."

உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தார். ஆரஞ்சுப் பழங்கள். வாங்கிக்கொண்டேன். அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொன்னால் அண்ணியின் மனம் நோகும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். இனிப்பான பழங்கள்.

நான் ஏன் இப்போது வந்தேன் என்று கேட்டீர்கள். காப்பீட்டுக் கம்பெனி பணம் தர மாட்டேன் என்கிறது. அட்டைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் விளக்கு ஏற்றியது வீட்டுக்காரம்மாவின் கவனக்குறைவு என்கிறார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. வேறொருவர் வேண்டுமென்று வைத்த தீ என்றால் கொடுத்தாக வேண்டும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆகவே அதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம். நான் நினைத்தபடி அந்தப் பணம் அண்ணிக்குப் போய்ச் சேர வேண்டும். ஒன்றைத் தொடங்கினால் சரியாக முடிக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. தங்கை வந்து, "உங்க விளக்குதான் எங்க அண்ணனைத் தின்னுடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து அண்ணி விளக்கேற்றுவதில்லை. இரண்டு கையையும் மடியில் போட்டு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் போகும்போதெல்லாம், "எல்லாம் கடவுள் சித்தம் அண்ணி, உங்க மேல தப்பில்ல" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். தப்பில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

செருப்பைப் பற்றி மறுபடி கேட்கிறீர்கள். டெமோ அறையில் கம்பளம் விரித்திருந்ததால் எல்லோரும் வெளியே கழற்றிவிட்டுத்தான் போவார்கள். அண்ணனின் செருப்பு அறை வாசலில் தரையோடு உருகி ஒட்டியிருந்தது. இரண்டும் ஜோடியாக, நேராக, சுவரோரமாக. அவர் வாழ்நாளில் ஒரு நாளும் செருப்பை நேராகக் கழற்றிவிட்டதில்லை, ஒன்று கிழக்கே பார்த்தால் மற்றது மேற்கே பார்க்கும் என்று அண்ணி உங்களிடம் சொல்லியிருக்கிறார். உண்மைதான். அன்றும் அப்படித்தான் கிடந்தது. நேராக்கி வைத்தது நான். யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் கோணலாகக் கிடப்பதைக் குனிந்து நேராக்கிவிடுவேன். அதுவும் அம்மா பழக்கியதுதான்.

செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே இருக்க வேண்டும் என்று இல்லை. அவருக்குக் கடையில் போட்டுக்கொள்ள ஒரு ஜோடி, வெளியே போட ஒரு ஜோடி உண்டு. அப்படித்தான் நான் நினைத்தேன். சற்று முன்பு நீங்கள் முதலில் கேட்டபோது சொன்னதும் அதுதான்.

இல்லை, அந்த விளக்கை நகர்த்திய பிறகு உடனே வெளியே போய்விடவில்லை. ஒரு நிமிடம் அந்தக் கதவின்மேல் கை வைத்தேன். சந்தேகத்தினால் இல்லை, அத்தனை பேர் பாடுபட்டுக் கட்டிய அறை, விடைபெற்றுக்கொள்ளலாம் என்று. நல்ல கனமான கதவு. காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தாழ்ந்த ஒலியை எந்தப் பஞ்சாலும் முழுதாக நிறுத்த முடியாது, ஐயா. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். உள்ளங்கையில் அது மெதுவாக அதிர்ந்துகொண்டிருந்தது. அண்ணனுக்குப் பிடித்த பாட்டுதான், அந்தத் தாளம் எனக்குத் தெரியும். பாதிக்குமேல் வந்திருந்தது. தட்டியிருந்தால் திறந்திருப்பார். திறந்தால் என் கையில் எண்ணெய் பாட்டிலைப் பார்த்துவிட்டு ஏதாவது கேட்பார், நானும் ஏதாவது சொல்ல வேண்டிவரும். அவர் முகம் என்ன ஆகுமோ. ரசித்துக் கேட்டுக்கொண்டிருக்கிற மனிதரை நடுப்பாட்டில் எழுப்பக் கூடாது. அந்த அளவு இங்கிதம் எனக்கு எப்போதும் உண்டு.